கிளாரினெட் பெட்டியோடு கோபிக்குப் போனேன்

போன ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையம் போய் வந்தேன். கோபி என்றதும் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வயல் இருந்தது, பச்சையாகத்தான் இருந்தது, பார்த்தேன். ஆனால் நான் போனது கிளாரினெட் கற்றுக்கொள்ள. வயது நாற்பத்து நான்கு. இதற்கு முன் விசில்கூட ஒழுங்காக அடித்ததில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு, கூட வேலை பார்ப்பவரின் தம்பி கல்யாணம் கோபியில் நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு பேண்டு செட். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்ததால், பேச ஆளில்லாமல் பேண்டுக்காரர்கள் பக்கம் ஒதுங்கி நடந்தேன். ட்ரம்பெட்டும் டிரம்ஸும் காதைக் கிழித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் கறுப்புக் குழல் ஒன்றை ஊதிக்கொண்டு வந்தார். தணிந்த சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ என்னிடம் மட்டும் பேசுகிற மாதிரி இருந்தது. மண்டபம் வந்து எல்லோரும் பந்திக்கு ஓடிய பிறகும் நான் அவரைவிட்டு நகரவில்லை. பெயர் ஜெபராஜ். வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறார், முகூர்த்த நாட்களில் பேண்டு. கிளம்பும்போது, "கோபிப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்ணா, உக்காந்து ஊதிப் பாக்கலாமுங்க" என்றார்.

கோயமுத்தூரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், மோட்டார் பம்பு கம்பெனியில் சர்வீஸ் வேலை. இந்தப் பக்கத்தில் பழகுகிறவர்கள் எல்லோரும் "ஊட்டுக்கு வாங்க" என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ராமநாதபுரம் பக்கம் இவ்வளவு 'வாங்க'வும் கிடையாது, இவ்வளவு 'போங்க'வும் கிடையாது. இங்கே அது மரியாதை. அதை நம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன் மடையன். நானும் உடனே ஒன்றும் கிளம்பிவிடவில்லை, சும்மா ஒரு கிளாரினெட் வாங்கினேன், அவ்வளவுதான். டவுன்ஹால் பின்னால் ஒரு சந்தில், பழைய வாத்தியங்களைச் சரிபார்த்து விற்கும் பாய் ஒருவரிடம். "ரீடு ரெண்டு சேத்து வாங்கிக்கிடுங்க" என்றார். ரீடு என்பது ஊதுகிற முனையில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை. தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்றேன்.

நாலு மாதம் யூடியூப் பார்த்து ஊதினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம். என் மனைவி பிரிந்து போய் மூன்று வருடம் ஆகிறது, எனவே வீட்டில் தொந்தரவு என்று சொல்ல யாரும் இல்லை. கீழ்வீட்டு அக்கா மட்டும் ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி, "ஏனுங்க, ஊட்டுக்கு யாராச்சும் கொழந்தையோட வந்திருக்கறாங்களா? ஒரே அழுகையா இருக்குதுங்க" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அதுதான் இன்னும் வெட்கக்கேடு. அன்றைக்குத்தான் கோபி போவது என்று முடிவு செய்தேன். ஜெபராஜுக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் "பாக்கலாமுங்க" என்பார், அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

காந்திபுரத்தில் காலை 7.10 பேருந்து. அவிநாசி, நம்பியூர் வழி. டிக்கெட் 70 ரூபாய், தூரம் சுமார் 80 கிலோமீட்டர், கோபியில் இறங்கும்போது மணி 9.45. சன்னல் சீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் வலுவாக அடிக்கிறது என்று எழுதலாம் என்றிருந்தேன், ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் வெயில் பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. நம்பியூர் தாண்டும் வரை பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, பெட்டியை உட்கார வைத்திருந்தேன். ஏறிய ஒரு அம்மா, "ஏனுங்க, ஆள் வருதுங்களா?" என்று கேட்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கோபி பேருந்து நிலையத்தில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். அங்கிருந்து சத்தியமங்கலம் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிற்கப் பொறுமை இல்லாமல் ஆட்டோ பிடித்தேன். நூற்று இருபது கேட்டு நூறுக்கு வந்தார் டிரைவர். "பேண்டு ஜெபராஜுங்களா? வேனு ஓட்டுவாருல்லீங்க?" என்று கேட்டுவிட்டு வீட்டு வாசலிலேயே இறக்கினார். வழி முழுக்க நான் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கதவைத் திறந்த ஜெபராஜின் மனைவி ஸ்டெல்லா, என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க வாங்க, உக்காருங்ணா. காலைலருந்து உங்களத்தான் எதிர்பாத்துட்டிருக்கறோமுங்க. அவரு சர்ச்சுக்குப் போயிருக்கறாரு, இப்ப வந்துருவாருங்க."

என்னை எதிர்பார்த்துக்கொண்டா? ஆறு மாதத்துக்கு முன்பு கல்யாண மண்டப வாசலில் ஐந்து நிமிடம் பேசியவனை நினைவு வைத்து, வீட்டில் சொல்லியும் வைத்திருக்கிறாரே மனிதர்! தட்டில் சந்தகை வந்தது, நம் இடியாப்பம் மாதிரிதான், இங்கே வேகவைத்த மாவைப் பிழிவார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, பசியோட எப்பிடீங்க ஊதறது" என்று இரண்டாம் முறையும் வைத்தார். ஊதச் சொல்லப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமிதம். பேர் என்ன, ஊர் எது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவரிடம் யார் நீங்கள் என்று கேட்பது இங்கே மரியாதை இல்லை, சாப்பாடு போட்டுவிட்டு அவராகச் சொல்லும்வரை காத்திருப்பார்கள்.

கை கழுவி வந்ததும் உள்ளே போய் சிவப்புக் கோட்டு ஒன்றை எடுத்து வந்தார். தோளிலும் மணிக்கட்டிலும் தங்க நிறச் சரிகை. "இதப் போட்டுப் பாருங்ணா, உங்களுக்குச் செரியா இருக்குமுங்க. மூணு மணிக்கு ஊர்வலம், லேட்டாச்சுன்னா மாப்ள ஊட்டுக்காரரு சத்தம் போடுவாருங்க" என்று கோட்டை விரித்துப் பிடித்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஊர்வலத்துக்கு ஒரு கிளாரினெட் ஆள் குறைகிறது. வெளியூரிலிருந்து யாரையோ வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு வைத்த சந்தகையை நான் சாப்பிட்டு முடித்திருக்கிறேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விரித்துப் பிடித்த கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தேன், பிறகு இன்னொன்றை. அவர் பின்னால் நின்று காலரைச் சரிசெய்து, "கச்சிதமா இருக்குதுங்க" என்றார். இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடமும் நான் எதிர்பார்க்கப்பட்ட ஆள். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வாசலில் இரண்டு பைக் வந்து நின்றன. ஒன்றில் ஜெபராஜ், இன்னொன்றில் கையில் இதே மாதிரிப் பெட்டியோடு ஒருவர். சத்தியமங்கலத்திலிருந்து வந்த சேகர், அதாவது நிஜமான ஆள். சிவப்புக் கோட்டோடு நடுவீட்டில் நான். ஸ்டெல்லா என்னையும் சேகரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்று ஜெபராஜிடம் கேட்டேன்.

"இல்லாம இருக்குமுங்களா!" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க பாத்தோமுங்க?" என்றார்.

கோட்டைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், அவர் கூப்பிட்டது, கற்றுக்கொள்ள வந்தது. "தப்பா நினைக்காதீங்க, சாப்பிட்டுட்டேன்" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அட, அதுக்கென்னங்ணா, சாப்பாடுதானுங்களே" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஜெபராஜ் உட்கார்ந்தார். "பாக்கறவங்க எல்லார்த்தையும் வாங்கன்னு சொல்றதுதானுங்க. ஊதறதப் பாத்துட்டு வந்து கேப்பாங்க, நானும் சொல்லிப்போடுவேன். ஒருத்தருகூட வந்ததில்லீங்க." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொறங்க, பாக்கலாம்."

திறந்தேன். முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேகரிடம் காட்டினார். சேகர் சத்தமாகச் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ரீடு ஓரம் பிஞ்சு கெடக்குதுங்களே. எத்தன நாளா இதுல ஊதறீங்க?"

"நாலு மாசம். தினமும் ஊதி முடிச்சதும் துண்டால அழுத்தித் துடைச்சு வைப்பேன்."

"அதுலதான் பிஞ்சிருக்குது. துண்டெல்லாம் ஆகாதுங்க. ஏனுங்ணா, யாருகிட்டயும் காட்டலீங்களா? ஒரு ஆளு பாத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்களே!"

காட்ட ஆள் இல்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? எந்த மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவன் நான். என் வீட்டுக்குள் நாலு மாதம் ஒரு உடைந்த பொருள் அழுதிருக்கிறது, எனக்கு வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெபராஜ் தன் சட்டைப்பையிலிருந்து புது ரீடு ஒன்றை எடுத்து, வாயில் வைத்து நனைக்கச் சொன்னார், கட்டிக் கொடுத்தார். "பல்லக் கடிக்காதீங்க. சும்மா ஊதுங்க." ஊதினேன். ஒரே ஒரு சுரம், நடுங்காமல் வந்தது. நான் மூச்சு முட்டி நிறுத்துவதற்குள் அவர் தன் குழலை எடுத்து அதே சுரத்தில் சேர்ந்தார். இரண்டு சத்தமும் ஒன்றாகப் போனது. கண் கலங்கியதை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

இசை எப்படிப் பிடித்தது என்று அவர்களிடம் கேட்டேன். கல்யாண பிரியாணிக்காக பேண்டில் சேர்ந்ததாகச் சொன்னார் சேகர். ஜெபராஜுக்கு சர்ச்சில் ஆள் குறைந்ததால் குழலைக் கையில் திணித்தார்களாம். "எல்லாரும் ஊதறப்ப நம்ம சத்தமும் அதுக்குள்ள இருக்குதுங்க பாருங்க, அப்பறம் உட முடியல" என்றார். இருவருமே தனியாக ஆரம்பிக்கவில்லை.

விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரும்பும் பேருந்து கோபியில் மாலை 4.05, அதே 70 ரூபாய், காந்திபுரம் வர 6.50. ஞாயிறு மாலை கூட்டம் அதிகம், அவிநாசி வரை நின்றுகொண்டே வந்தேன். மொத்தச் செலவு டீ, ஆட்டோ எல்லாம் சேர்த்து முந்நூறுக்குள். தனியாக வாத்தியம் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே அதை யாராவது ஒருவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரீடு கூடுதலாக வாங்குங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் போன் பண்ணிவிட்டுப் போங்கள், கோட்டு கொடுத்தால் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டே காலுக்கு அவர்கள் ஊர்வலத்துக்குக் கிளம்பினார்கள். அந்தக் கோட்டு சேகருக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. நான் பெட்டியை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "வாங்ணா, எப்ப வேணா வாங்க" என்ற வழக்கமான வார்த்தைக்குத் தயாராக இருந்தேன். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விட வேண்டும், இனி இங்கே வரக்கூடாது என்று தீர்மானமே செய்திருந்தேன்.

ஜெபராஜ் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுத்த ஞாயித்துக்கெழம வந்துபோடாதீங்க. காரமடைல கல்யாணம், நா இருக்க மாட்டேன். அதுக்கடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு வாங்க. லேட்டா வந்தீங்கன்னா சொல்லித் தர மாட்டேன், சொல்லிட்டேன்."

ஒன்பது வருடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வராதே என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதனால்தான் நம்பினேன். இன்று சனிக்கிழமை. இன்னும் எட்டு நாள் இருக்கிறது.