தூசி என்று தள்ளிய கேலக்சி

பெருங்கருந்துளை ஒன்று அருகில் வந்த விண்மீனைக் கிழித்துப் போட்டால் அந்தக் கேலக்சியின் மையம் சில மாதங்கள் பளிச்சென்று எரிந்து மங்கும். ஒரு கேலக்சியில் இது பத்தாயிரம், லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கிடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

எங்கள் வழக்கம் இது: தொலைநோக்கியில் பதிவாகும் ஒவ்வொரு ஒளிர்வையும் நானும் என் மேற்பார்வையாளரும் தனித்தனியே பார்ப்போம். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அது பட்டியலிலிருந்து போய்விடும். அந்த ஒருவர் எப்போதும் அவர்தான்.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஓர் ஒளிர்வைப் பற்றிப் பேச்சு வந்தது.

“அந்த கேலக்சி முழுக்க தூசிலா. உள்ள இருக்கிற கருந்துளை சும்மா கண்ணு சிமிட்டுது. தூக்கிடும்மா” என்றார்.

“ஒளியப் பிரிச்சு ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாத்துட்டுத் தூக்கலாம் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள்ல மங்கிடும்.”

“தூசிக்கெல்லாம் டெலஸ்கோப் டைம் கேட்டா சிரிப்பாங்க. அடுத்த மாசம் ஸ்காலர்ஷிப் கமிட்டி இருக்கு. உனக்கு ஸ்காலர்ஷிப் நீட்டணுமா வேணாமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கம்போங் மேடான் மலிவு விலை அடுக்குமாடியில் வளர்ந்தவள். நேர்காணல்களில் வீட்டு முகவரியைப் படித்ததும் மாறிய முகங்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்காமலே முடிவு செய்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தூசி உள்ள கேலக்சிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கிழிபடும் விண்மீன்கள் குறைவு என்று நாங்களே கட்டுரையும் எழுதுகிறோம். என்ன நியாயம் இது?

அன்று மாலையே வெளிநாட்டுத் தொலைநோக்கிக் குழு ஒன்றுக்கு என் பெயரில் விண்ணப்பித்தேன். மறுநாள் அவரிடமும் சொன்னேன். 

மூன்று வாரத்தில் ஸ்பெக்ட்ரம் வந்தது. விண்மீன் எதுவும் கிழிபடவில்லை. சுற்றியுள்ள தூசியையும் வாயுவையும் விழுங்கும் கருந்துளை வழக்கம்போல் கண் சிமிட்டியதுதான்.

“சொன்னேன்ல?” என்றார். எனக்கு அழுகை வந்தது, உண்மைதான். ஆனாலும் கமிட்டியின் முன் அந்தத் தோல்வியையும் சேர்த்தே காட்டினேன்.

கமிட்டியில் இருந்த ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “தூசின்னு சொல்லி, பாக்காமலே தள்ளினது எத்தனை?”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். என் உதவித்தொகைக் கடிதம் அவர் முன்னால் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“இந்த ஒண்ணத் தவிர எல்லாமே” என்றேன்.

உதவித்தொகை நீளவில்லை. இப்போது சுபாங் ஜெயாவில் டியூஷன் எடுத்து என் ஆய்வை நானே நடத்துகிறேன். புதிதாக வரும் தூசிக் கேலக்சி ஒவ்வொன்றுக்கும் ஸ்பெக்ட்ரம் கேட்டு எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.