கிராக்கிக்குத் தண்ணீர் போதும்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பகுதிதான் கடை. அப்பா அங்கே பாகங்களைப் பூட்டிக் கிரைண்டர் செய்து விற்றார். பின்னால் நாங்கள் குடியிருந்தோம். நடுவில் ஒரு திரைச்சீலை. யார் வந்தாலும் அப்பா திரையைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வார். மொத்தமாக எடுக்கிறவர் என்றால் 'பார்ட்டி'. அம்மா காப்பியும் முறுக்கும் எடுத்து வைப்பாள். மகள் சீருக்கு ஒன்று வாங்க வந்த குடும்பம் என்றால் 'கஸ்டமர்', அவர்களுக்கு மோர். ஒவ்வொரு கிரைண்டராகத் தட்டிப் பார்த்து, விலையை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர் 'கிராக்கி'. கிராக்கிக்குத் தண்ணீர் போதும். தண்ணீர்கூடக் கொடுக்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பதில் வீட்டில் இரண்டாம் பேச்சு கிடையாது.

பத்து வயதில் எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். செருப்பையும் வண்டியையும் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன். அப்பா வெளியே போயிருக்கும்போது உள்ளே குரல் கொடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. அவ்வளவு திமிர்.

அந்த வருடம் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தாள். அதற்குள் நான்கு வீட்டார் முன்னால் காப்பித் தட்டோடு நின்றாயிற்று. ஐந்தாவதாகத் தரகர் ஒரு வீட்டைக் கொண்டுவந்தார். தோட்டம், பம்ப் கம்பெனி, ஒரே பையன். "நல்ல பார்ட்டிங்க, உட்டுப்போடாதீங்க" என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அத்தை ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்கண்ணா, என்னையப் பாக்க வர்றவங்க எதுல சேத்தி? பார்ட்டியா, கஸ்டமரா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேசாமச் சாப்புடு அம்மணி" என்று அம்மாதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை.

முறைப்படி பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து, வீட்டின் பழக்கவழக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் உண்டு. கடைக்காரர் வீடென்றால் இன்னும் வசதி. கிரைண்டர் பார்க்கிற சாக்கில் நேராக உள்ளே வந்துவிடலாம். 'இந்த வாரத்துக்குள் யாராவது வருவார்கள்' என்று தரகர் காதில் போட்டுவிட்டுப் போனார். யார், எப்போது என்று அவருக்கே தெரியாதாம்.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. "யாரு வந்தாலும் பார்ட்டிதான்" என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். கூரியர் கொண்டுவந்த பையன் காப்பி குடித்தான். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் முறுக்குத் தின்றார். வழி கேட்க நின்ற லாரி டிரைவரை அப்பா கையைப் பிடித்து இழுத்துவந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். மனிதர் பயந்துபோய்விட்டார். பைக் சத்தம் கேட்டாலே அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அப்பா கிரைண்டர்களை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றுவார்; மறுநாள் திரும்பவும் இடப்பக்கத்துக்கே கொண்டுவருவார். எனக்கும் பள்ளிக்கூடத்தில் மனம் நிற்கவில்லை. அத்தைக்குக் கல்யாணம் என்றால் எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அத்தை மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரகர் அனுப்பிய மாப்பிள்ளைப் படத்தை அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அத்தையோ அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையைக் காணோம். அவருக்குப் பின்னால் நின்ற யாருடைய காதோ தெரிந்தது. அதில் சிவப்புக் கடுக்கன். காதைப் போய் என்னத்துக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

வெள்ளிவரை யாரும் வரவில்லை. சனிக்கிழமை எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. அப்பா மதுக்கரைக்கு மோட்டார் மாற்றிக் கொடுக்கப் போயிருந்தார். அத்தைக்கு விடுமுறை, கடை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி இருக்கும். பழைய மொபெட்டில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். மடித்துக் கட்டிய வேட்டி, காலில் ரப்பர் செருப்பு, காதில் சிவப்புக் கடுக்கன். "கிரைண்டர் பாக்கலாம்னு வந்தனுங்க அம்மணி" என்றார்.

"பாருங்க" என்றாள் அத்தை. எழுந்திருக்கவில்லை.

அவர் ஒன்றைத் தட்டினார், அடுத்ததைத் தட்டினார். உள்ளேயிருந்து அம்மா, "யாரு கண்ணு? இருக்கறது ஒரு டம்ளர் பாலுதான், பாத்துச் சொல்லு" என்றாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என் காதருகே குனிந்தாள்.

"கிராக்கிதான் சாமி. தண்ணி போதும்னு சொல்லு. நல்லா சத்தமாச் சொல்லு."

எனக்குச் சத்தம் போடச் சொல்லித்தர வேண்டுமா? "கிராக்கிதானுங்கம்மா! தண்ணி போதுமுங்க!" என்று கத்தினேன்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு அத்தையை. நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "போயிட்டு வாரனுங்க" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

மறுநாள் தரகர் போன் செய்தார். எதிர்முனையில் சொன்னதை அப்பா நின்றபடியே கேட்டார். வீடு நல்ல வீடுதான், வந்தவருக்கு மரியாதை பத்தவில்லையாம். அவர் மாப்பிள்ளையின் அப்பாவாம்.

"ஊருக்கெல்லாம் காப்பி ஊத்திப்போட்டு, ஊத்த வேண்டியவருக்கு ஊத்தலையே!" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டே, நான்தான் கிராக்கி என்று கத்தினேன் என்று சொன்னேன். அத்தை சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவில்லை. பாவம், அவளும் என்னைப்போல் ஆள் தெரியாமல் ஏமாந்துவிட்டாள், கல்யாணமும் போய்த் திட்டும் வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். அப்பா அடித்திருந்தால் தேவலை. துணியை எடுத்துக்கொண்டு கிரைண்டர்களைத் துடைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் அந்தச் சொல் இல்லை. கால்வைத்த எல்லோருக்கும் காப்பிதான்.

மறுநாள் காலை அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரே சடையை மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினாள். "நீ ஒரு தப்பும் பண்ணலீடா கண்ணு" என்றாள். என்னைத் தேற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து, தன்னோடு வேலைபார்த்தவரை அத்தை கட்டிக்கொண்டாள். எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது. ஆனாலும் ஒரு நல்ல இடத்தைக் கெடுத்தவள் என்ற உறுத்தல் என்னைவிட்டுப் போகவே இல்லை.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல பார்ட்டிதானாம். அப்பா படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தேன். பிறகு பின்னால் நிற்பவர்கள் யார் யாரென்று பார்க்க, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். அப்படியே கை நின்றுவிட்டது. அத்தை அன்று பெரிதாக்கிப் பார்த்த அந்தச் சிவப்புக் கடுக்கன் ஞாபகம் வந்தது.

அத்தையைக் கூப்பிட்டேன். "அவருன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு நானும் எத்தனையோ தடவ சொன்னேன் கண்ணு" என்றாள் அத்தை. "நம்ம ஊட்டுல நீ சொன்னாத்தான் காதுல உழுந்துச்சு."