பட்டாளத்தாரின் பெயர்

கம்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் சின்ன ரெக்கார்டரை எடுத்து என் முன்னால் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் காலமான மறுவருஷம் அது. பர்மா சண்டையைப் பற்றிப் புத்தகம் எழுத மதுரையிலிருந்து வந்திருந்தாள். இதுவரை வந்த புத்தகமெல்லாம் அதிகாரிகளின் காகிதங்களை வைத்து எழுதியவை, இப்போதுதான் சிப்பாய்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்கிறோம் என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஊருக்கு அவர் பட்டாளத்தார். கொடியேற்றக் கூப்பிட்டால் மட்டும் விடியுமுன் ஜீப்பைப் பிடித்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார். காரணத்தை எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். பட்டாளத்தில் அவருக்குக் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பர்மாக் காட்டுக்குள் அவை குரல் கொடுத்து எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கிளம்புமுன்பே தொண்டையை அறுத்துக் குரலை எடுத்தார்கள். தலையைப் பிடித்துக்கொள்வது இவர் வேலை. மயக்கம் தெளிந்த கழுதை வாயைத் திறக்கும், வெறும் காற்றுத்தான் வரும். மலையில் யானைக்கு எதிரே அசையாமல் நின்ற மனிதர், அதைப் பார்க்க முடியாமல் ரயிலேறிவிட்டார். சண்டை முடியும்வரை ஏலத்தோட்டத்தில் ஒளிந்திருந்து, பிறகே ஊருக்குள் வந்தார். சண்டை போட்டுத் திரும்பியவர் என்று ஊர் தானாக எண்ணிக்கொண்டது.

நான் இதை அவளிடம் சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் எழுந்துவிட்டான்.

"கழுதைக்குப் பாவப்பட்டு ஓடியாந்தாகன்னு புத்தகத்துல போடுறதா? நாளைக்கு ஊர்ச் சங்கத்துல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார?"

"இருக்கிற மூஞ்சியவே வச்சுக்கிட்டு உக்காருலே," என்றேன். "ஓடித்தான் வந்தாக. ஏன் வந்தாகன்னும் சேத்து எழுது தாயி."

வேண்டுமானால் வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றாள் அவள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு பெயர் போட்டால் யாரோ ஒருவன் ஓடியதாகத்தானே ஆகும்? அவருடைய பெயரையே போடச் சொன்னேன்.

"அவர் பெயரச் சொல்லுங்கம்மா."

எங்கள் பக்கம் பெண்டாட்டி வாயால் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்காக மகன்தான் சொல்வான். அவனைப் பார்த்தேன்.

"நான் சொல்ல மாட்டேன் ஆத்தா. ஒனக்கும் வாய் வராது. அம்புட்டுத்தான்," என்று சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

"ரெக்கார்டர்ல சரியா விழலம்மா. இன்னொரு தடவ சொல்றீங்களா?"

தெருமுனைக்குப் போய்விட்ட மகன் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.