தேவானையின் காற்றுச் செடி

சட்டைக்கு இரண்டு தெளிப்பு, தலைக்கு மேலிருக்கும் செடிக்கு ஒன்று. மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலை இப்படிக் கீழும் மேலுமாக வீசியபடியே, கோட்டூர்புரத்துப் புங்க மரத்தடியில் தேவானை இஸ்திரி போடுகிறாள். அவள் போட்ட மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடும். எங்கள் தெருவில் இரண்டு பேருக்குத் தையல் போட்டிருக்கிறது.

செடி, எதிர் ஃபிளாட்டைக் காலிசெய்த அனுப்ரியா கிளையில் கட்டிவிட்டுப் போனது. டில்லாண்ட்சியா என்று பெயர். அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை. மண் வேண்டாம். மெக்சிகோ காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, பனியையும் மழையையும் இலையாலேயே குடித்து வளரும். வேர் பிடித்துக்கொள்ளத்தான், உறிஞ்ச அல்ல. அதன் சொந்தபந்தங்களில் சிலர் மின்கம்பியில்கூடக் குடித்தனம் நடத்துகிறார்கள். நான் சொல்வதிலேயே இது சத்தியமான உண்மை. இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை.

தேவானைக்கு அது 'பாப்பா'. போன வாரம் அதன் நடு இலைகள் சிவந்தன. ஆயுளுக்கு ஒரே ஒரு முறை பூக்கிற சாதி. அதற்கான சிவப்பு அது. "பாப்பா வயசுக்கு வந்துட்ச்சு!" என்று தெருவெல்லாம் சொன்னாள். மாடிவீட்டு ஹமீதுன்னிசா சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுத்தனுப்பினாள்.

மறுநாளே, மழைக்கு முன் மின்கம்பியில் படும் கிளைகளைக் கழிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏணியில் ஏறிய மதிவாணன் செடியைப் பார்த்ததும் அரிவாளை ஓங்கினான்.

"புல்லுருவி ஆயா இது. மரத்தையே உறிஞ்சிடும்."

"நைனா, கத்தியை எறக்கு! அது மரத்தாண்ட ஒரு சொட்டு வாங்கினது இல்ல. குந்த எடம் மட்டுந்தான்."

"புல்லுருவியும் அப்டித்தான் சொல்லும்."

தேவானை புடவையைச் செருகிக்கொண்டு இஸ்திரி வண்டிமேல் ஏறினாள். நூலை அவிழ்த்து, பட்டையைப் பற்றியிருந்த வேர்களை நகத்தால் ஒவ்வொன்றாக விடுவித்தாள். செடி முழுசாகக் கைக்கு வந்தது.

"பட்டையத் தடவிப் பாரு. உறிஞ்சிருந்தா ஓட்டை இருக்கணும்ல? ஒரு கீறல் கீதா?"

மதிவாணன் தடவிப் பார்த்தான். அரிவாள் தணிந்தது. "கம்பில படுற கெளைய மட்டும் கழிச்சுட்றேன். அப்பால இங்கியே கட்டிக்க."

வண்டியில் துணியும் சூடான பெட்டியும். தரையில் வைத்தால் மிதிபடும். தேவானை ஒரு கணம் யோசித்துவிட்டுச் செடியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"இன்னா ஆயா, கல்யாணப் பொண்ணு கணக்கா கீற!"

"மூடிக்கினு வேலையப் பாரு."

கடைசிக் கிளை விழும்வரை அவள் குனியவே இல்லை. கழுத்தை விறைப்பாக நிறுத்தி, கண்ணை மட்டும் தாழ்த்தி, யாருடைய பேன்ட்டையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.