தவிட்டுராசுவின் கார்பன் நகல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரியலூரிலிருந்து போன் வந்தது. "தவிட்டுராசு அண்ணன் போயிட்டாருங்க சார். செய்தி எழுதிட்டு இருந்தவரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு" என்றார் அங்குள்ள எங்கள் புகைப்படக்காரர். அவரை அறிந்த உங்களில் பலருக்கும் இதற்குள் தகவல் எட்டியிருக்கும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் பத்திரிகையின் நிருபராக இருந்தவர். திருச்சி அலுவலகத்தில் அவர் செய்திகளைத் திருத்தியவன் நான்.

அடையாள அட்டை தயாரான அன்று மேலாளர், "வேற நல்ல பேரா வச்சுக்கலாமே" என்றார். தவிட்டுராசு சிரித்தார். "எனக்கு முன்னாடி மூணு பிள்ளை தங்கல சார். என்னையப் பக்கத்து வூட்டுல குடுத்துட்டு, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குனாங்க எங்கம்மா. அப்படி வாங்குனா பிள்ளை தங்கும்னு நம்பிக்கை. தங்கிட்டேன்ல?" மேலாளர் அதே பெயரிலேயே அட்டையில் கையெழுத்திட்டார்.

கார்பன் தாள் வைத்துத்தான் எழுதுவார். மூலத்தை உறையிலிட்டுத் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நகல் அவர் பையில் இருக்கும். பேக்ஸ் வந்த பிறகும் நகலை விடவில்லை. செய்தியில் யார் பெயர் வந்தாலும் அப்பா பெயர், தெரு, ஊர் மூன்றும் இருக்கும். "செய்தி அனுப்பச் சொன்னா வாக்காளர் பட்டியல் அனுப்புறீங்களே" என்று கேலி செய்வோம். "ஒரு வரி கூடினா கூடட்டும் சார்" என்பார்.

ஒருநாள் அந்த ஒரு வரியை நான் வெட்டினேன். ஓடும் பஸ்ஸில் சங்கிலி பறித்ததாக விக்கிரமங்கலம் செல்வராஜ் கைதான செய்தி அது. பக்கத்தில் இடம் போதவில்லை. அப்பா பெயரும் தெருவும் போயின.

மறுநாள் தவிட்டுராசு போனில் அழைத்தார். "விக்கிரமங்கலத்துல ஏழு செல்வராஜ் இருக்காங்க சார். அதுல ஒருத்தரு பொண்ணுக்கு வெள்ளிக்கிழம பரிசம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பேப்பரப் பார்த்துட்டு வரலைன்னுட்டாங்க."

அடுத்த நாள் காலை நான் விக்கிரமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். பெண்ணின் அப்பா செல்வராஜின் வீட்டுக்கு நானும் தவிட்டுராசுவும் போனபோது அவர் தலை நிமிரவில்லை. அவர் மனைவிதான் பேசினார். "உங்களுக்கு அது ஒரு நாள் பேப்பரு. எம் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல."

"தப்பு எங்களுதுதாம்மா" என்றார் தவிட்டுராசு. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கிருந்து அவருடைய மொபெட்டில் சிறுவாச்சூர் போனோம். மாப்பிள்ளையின் அப்பாவிடம் கார்பன் நகலை நீட்டினார். "பாருங்க, புடிபட்டவன் கோவிந்தசாமி மகன், கீழத்தெரு. உங்க சம்பந்தி ராமசாமி மகன், மேலத்தெரு."

"நீங்க சரியா எழுதியிருக்கீங்க. அப்பறம் பேப்பர்ல ஏன் வரல?"

"எங்க ஆபீஸ்ல..." என்று தவிட்டுராசு தொடங்கும்போதே, "நான்தாங்க வெட்டினேன்" என்றேன்.

பெரியவர் தவிட்டுராசு பக்கம் திரும்பினார். "உங்க பேரு என்னங்க?"

"தவிட்டுராசு."

"உங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, போங்க!" என்று சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "நான் நம்புறேன். ஆனா டீக்கடையில படிச்சவன் அத்தனை பேரும் நம்பணும்ல? அதே எடத்துல திருத்திப் போடுங்க."

போட்டோம். அதே பக்கம், அதே இடம், அப்பா பெயர், தெரு, ஊர் எல்லாம் சேர்த்து. வெள்ளிக்கிழமை பரிசம் நடந்தது. கல்யாணத்துக்கு இருவருக்கும் பத்திரிகை வந்தது. உறையில் எங்கள் அப்பாக்களின் பெயர்களையும் எழுதியிருந்தார் செல்வராஜ். தவிட்டுராசு திருச்சி வந்தபோது அதை அலுவலகம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அன்று சிறுவாச்சூரிலிருந்து மொபெட்டில் திரும்பும்போது, என்ன சொல்லித் திட்டுவாரோ என்று நான் காத்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. அதன் பிறகு நான் யாருடைய அப்பா பெயரையும் வெட்டியதில்லை. இப்போது என் மேசையில் வேலை பார்க்கிறவர்களும் வெட்டுவதில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.

அவர் மறைவுச் செய்தியை நானே எழுதினேன். இரண்டு மாவட்டத்திலும் வேறு தவிட்டுராசு கிடையாது, யாரும் குழம்பப்போவதில்லை. ஆனாலும் எழுதினேன்: அரியலூர், பள்ளிக்கூடத் தெரு, சின்னப்பன் மகன் தவிட்டுராசு.

ஒரு வரி கூடியது.