எட்டாவது படமும் மூன்று நோன்பும்

என் மச்சான் முனாபின் வாயை நம்பிக் கல்முனையில் ஒருத்தரும் படம் பார்க்கப் போனதில்லை. தியேட்டர் காரின் முன்சீட்டில் இருந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்தமருதிலிருந்து பாண்டிருப்பு வரை கத்திக்கொண்டு போவதுதான் அவருடைய தொழில். எந்தக் குப்பை வந்தாலும் "காணத் தவறாதீர்கள்" என்பார். ஊருக்கு அப்படி. வீட்டுக்குள் வந்தால் மனுசன் ஒரு பொய் சொல்லமாட்டார். முக்கியமாகப் பெண்சாதியிடம்.

அவர் பெண்சாதி ஸகியா என் ராத்தா, எனக்கு ஆறு வயது மூத்த அக்கா. எழுபத்தெட்டில், கலியாணம் முடித்த புதிதில், பெண்கள் பக்கம் இருந்து ஒரேயொரு படம் பார்த்தார். அந்த வருசமே நெஞ்சு வருத்தம் வந்துவிட்டது. சன நெருக்கத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ராத்தா பார்த்ததெல்லாம் மச்சானின் வாயால் வந்த படம்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சோறு தின்று, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மச்சான் தொடங்குவார். நல்ல படமென்றால் பாட்டோடு இரண்டு மணித்தியாலம் போகும். கூடாத படமென்றால், "சனியன், என்ட உசிர வாங்கிட்டு" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்.

ராத்தா பார்த்த அந்த ஒரு படத்தை எடுத்த டைரக்டரை இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. மற்றவன்கள் இரண்டு நல்ல படம் எடுத்து, மூன்றாவதில் மண் கவ்வுவான்கள். இந்த மனுசன் மூன்று, நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தார். ஐந்தாவது வந்த நேரம் ராத்தாவை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். பிழைக்கமாட்டார் என்று அடக்கத்துக்கு வேண்டிய கபன் சீலையைப் பற்றிக்கூட யோசித்தோம். மச்சான் வார்டுக்குள் போய்ப் படத்தைச் சொன்னார். பதினைந்து நாளில் ராத்தா எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து சொன்ன கதை இது:

"அந்த டைரக்டர்ட படம் விழுகிற வரைக்கும் எனக்கு ஒண்டும் நடக்காது, பாருங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன ராத்தா கதைக்கிறீங்க? படம் எடுக்கிறவன்ட கையிலயா உங்கட மௌத்து கிடக்கு? ஈமான் போயிரும், தவ்பா செய்ங்க!" என்று கத்தினேன். ராத்தா சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த டைரக்டரின் படம் வருகிறதென்றால் மச்சானுக்குச் சோறு இறங்காது. ஆறும் நல்லது. ஏழும் நல்லது.

எண்பத்திநாலில் எட்டாவது வந்தது. படம் முதலில் மட்டக்களப்புக்கு வரும், பிறகுதான் எங்களுக்கு. நான் தையற்காரன். நூலும் பொத்தானும் வாங்க மட்டக்களப்புக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டேன். இடைவேளைக்கு முன்னமே சனம் ஊளையிட்டது. கொடுத்த காசுக்கு எரிச்சல். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன்.

"நாசமாப் போவான், அது படமா ராத்தா? கதையுமில்ல, மண்ணுமில்ல. சனம் கதிரைய உடைச்சிட்டு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கில் கொள்ளிக்கட்டையை வைக்கவேண்டும். ராத்தா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ எனக்கிட்டச் சொன்னெண்டு மச்சானுக்குத் தெரியப்படாது. அவர் பயந்திருவார்" என்றார்.

மூன்று கிழமை கழித்து எங்கள் தியேட்டருக்கு அந்தப் படம் வந்தது. வெள்ளிக்கிழமை மச்சான் ஸ்டூலைப் போட்டார். நானும் இருந்தேன். தொலைந்துபோன பிள்ளை, கண் தெரியாத தாய், ஆற்றில் ஒரு தோணி என்று இரண்டு மணித்தியாலம் சொன்னார். அதில் ஒரு துண்டுகூட நான் பார்த்த படத்தில் இல்லை. அப்படியொரு படத்தை அந்த டைரக்டர் எடுத்திருந்தால் நூறு நாள் ஓடியிருக்கும். குரல் மட்டும் வழமையாக வீட்டில் கதைக்கிற குரல் இல்லை.

"மறுகா அந்தப் புள்ள தாயோட சேர்ந்திச்சா?" என்று ராத்தா கேட்டார்.

"சேர்ந்திச்சு, புள்ள."

"அப்ப எட்டும் நல்லது."

"ஓம், எட்டும்" என்றார் மச்சான்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ராத்தா மௌத்தானார். நான் அழுததாக ஞாபகம் இல்லை. கபுறில் மூன்று பிடி மண் போட்டேன். கை கழுவினேன். யாரோ தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். மச்சானும் குடித்தார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, சனம் சாப்பிட்டுவிட்டுப் போனது. நானும் மச்சானும் பாய் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

"தம்பி, நீ அந்தப் படத்த மட்டக்களப்பில பார்த்தாய் என்ன?"

"ஓம் மச்சான்."

"ராத்தாக்கிட்ட ஒண்டும் கதைக்கல்லயே?"

"இல்ல."

"அல்லாவுல ஆணையாச் சொல்லு."

நான் பாயைப் பார்த்தேன். "அல்லாவுல ஆணையா இல்ல மச்சான்."

மச்சான் பாயை விட்டுவிட்டு நிலத்தில் குந்தினார். "அப்ப அவ ஒண்டும் தெரியாமத்தான் போயிருக்கா. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு குசினிக்குள் போய், மிஞ்சிய சோற்றைப் போட்டு வயிறு நிறையத் தின்றார். நாற்பது நாளில் அவர் அப்படித் தின்று நான் காணவில்லை.

பொய்ச் சத்தியத்துக்குக் குற்றப்பரிகாரம் பத்து ஏழைகளுக்குச் சோறு. அதற்கு வக்கில்லாதவனுக்கு மூன்று நோன்பு. நான் நோன்பு பிடித்தேன். "ரமழானுமில்ல, இதென்ன நோன்பு?" என்று என் பெண்சாதி சுபைறா கேட்டாள். "வாயப் பொத்து" என்றேன்.

மூன்றாம் நாள், நோன்பு திறக்கக் கொஞ்சம் முன்னம், தியேட்டர் கார் எங்கள் தெருவால் வந்தது. ஏதோ புதுப்படம். "காணத் தவறாதீர்கள்" என்றார் மச்சான். அந்த வெள்ளிக்கிழமை ராத்தாவின் கட்டிலடியில் கேட்டது இதே குரல்தான். நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் ராத்தா அன்றைக்குக் கண்டுபிடித்திருப்பார். பள்ளிவாசலில் வாங்கு சொல்லத் தொடங்க மச்சான் மைக்கை நிறுத்தினார். நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். ஒரு ருசியும் தெரியவில்லை.