நான்காம் கட்டத்துப் பாலம்

மெல்பேர்னில் படிப்பு முடிந்து முதல் வேலை கிடைத்தபோது எனக்கு மூன்று கவலைகள் இருந்தன. எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும் என்பதால் அவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, நோபல் பார்க்கில் நானும் அக்காவும் குடியிருந்த வாடகை வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டு, நான் செய்வது என்ன வேலை என்று ஊரில் இருந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. மூன்று, நிரந்தர வதிவிட விசா.

முதல் இரண்டும் அப்படியே கிடக்கலாம். மூன்றாவது அப்படியல்ல. என் விண்ணப்பத்துக்குப் பொறுப்பு நின்றது என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம். முடிவு வரும்வரை அந்த நிறுவனம் மூடாமல் இருக்கவேண்டும். மூடினால் விண்ணப்பமும் போய்விடும், நானும் போகவேண்டியதுதான்.

அலுவலகம் ரிச்மண்டில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ரப்பர் வாடை எங்கள் ஸ்வெட்டர்களில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. வீடியோ கேம் செய்யும் இடம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் மற்றவர்கள் செய்த கேம்களைப் புதிய இயந்திரங்களில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. 2008ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தப் பிழைப்பும் மெலிந்துகொண்டு வந்தது. எங்களைப் போன்ற சின்ன இடங்கள் ஒவ்வொன்றாக மூடுவதாகக் கேள்விப்பட்டோம். அப்போதுதான் ஒரு ஜப்பானிய ஸ்டூடியோவின் வேலை வந்தது.

அந்த ஸ்டூடியோ எண்பதுகளின் நடுவில் தொடங்கியது. இப்போது தன்னைவிடப் பெரிய ஒரு நிறுவனத்தோடு இணையப்போகிறது. இணைந்த பிறகு அதன் பெயர் இருக்காது. பெயர் இருக்கும்போதே தங்கள் பழைய ஆறு கேம்களை ஒரே டிவிடித் தட்டில் வெளியிட்டுவிட வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்தக் கேம்களின் மூல நிரல் அவர்களிடம் இல்லை. இரண்டு முறை கட்டடம் மாறியிருக்கிறார்கள். இரண்டாவது முறை பழைய டிஸ்க்குகள் குப்பையோடு போய்விட்டன. கடைகளில் விற்ற, இயந்திரத்தில் செருகி விளையாடும் கார்ட்ரிட்ஜ்களும் தட்டுகளும்தான் மிச்சம். அவற்றிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் எழுதவேண்டும்.

ஆறையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதலாவது, ஒரு சின்னப் படகு ஆற்றில் எதிர்நீச்சல் போடும் கேம். நான்கு பேர் செய்தது. நினைவகம் போதாமல், பாறை வெடித்துச் சிதறும் படத்தையே நிறம் மாற்றித் தாமரையாகவும் வைத்திருந்தார்கள். இரண்டாவதில் அதே படகுக்குச் சக்கரம் பூட்டி நிலத்தில் ஓட விட்டிருந்தார்கள். மூன்றாவதில் இசை தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். நான்காவது நன்றாக விற்றிருக்க வேண்டும், கடைசியில் ஓடும் பெயர்கள் முடிவதாகவே இல்லை. ஐந்தாவதை எல்லோரும் முப்பரிமாணம் செய்கிறார்களே என்று அவசரமாகச் செய்திருந்தார்கள். சுவர்களின் மூலைகள் பொருந்தவில்லை. ஆறாவது, முதலாவதையே செலவழித்துப் புதிய படங்களோடு திரும்பச் செய்தது. அதற்குப் பிறகு கேம் இல்லை.

அவர்களுடைய வரலாற்றை நான் எங்கும் வாசிக்கவில்லை. இந்த ஆறு நிரல்களில்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் களைத்தது.

எனக்குக் கிடைத்தது படகு. வேலையின் நிபந்தனையை எங்கள் மேலாளர் ஒரு திங்கட்கிழமை சொன்னார். உறைபனியிலும் அரைக்காற்சட்டையோடு வருகிற உயரமான வெள்ளைக்காரர். ஒவ்வொரு கேமையும் மூன்று தடவை ஜப்பானுக்கு அனுப்பலாம். மூன்றாவது தடவையும் ஒன்று திரும்பி வந்தால் ஆறும் வேறு நிறுவனத்துக்குப் போகும். "அப்படி நடந்தால் இந்த விளக்குகளை அணைக்கவேண்டி வரும்" என்றார். பிறகு, "நோ வொர்ரிஸ்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் அதைச் சொன்னால்தான் எங்களுக்குப் பயம் வரும்.

பக்கத்து மேசையில் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரர். இரண்டாவது கேம் அவருடையது. அவருக்கும் என்னைப் போலவே விசா.

"மேடம், மூடிட்டா ரெண்டு பேரும் கீழ டயர் கடையில வேலை கேப்போம். நீங்க கணக்கு, நான் பஞ்சர்."

"உங்களுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமே?"

"ரெண்டு வருஷமா இங்க வேற என்னங்க பண்றோம்?"

என் முதல் பிரதியை இளவேனில் தொடங்கும்போது அனுப்பினேன். பழைய கேமில் பறவைகள் கூட்டமாக வரும்போது அந்தக் காலத்து இயந்திரம் திணறி, எல்லாமே மெதுவாகிவிடும். புதிய இயந்திரத்துக்கு அந்தத் திணறல் இல்லை. எங்கள் படகு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. அனுப்பும்போது திருத்தங்களின் பட்டியலில் அதை முதலாவதாகப் போட்டிருந்தேன்.

திரும்பி வந்தது. 'இது எங்கள் விளையாட்டு இல்லை' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

கோயம்புத்தூர்க்காரரிடம் கேமைக் கொடுத்துப் பார்த்தேன். பறவைக் கூட்டத்தில் மூன்று முறை செத்தார். "இதுல எங்கங்க போறது? கேப்பே இல்லையே!" அலுவலகத்தில் இருந்த பழைய இயந்திரத்தில் கார்ட்ரிட்ஜைப் போட்டு விளையாடினார். கூட்டம் வந்தது, எல்லாம் மெதுவானது, அவர் இடைவெளிக்குள் படகை நுழைத்துத் தப்பினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இயந்திரம் களைக்கிற நேரத்தில்தான் மனிதர்கள் தப்பியிருக்கிறார்கள். அந்தக் களைப்பை நான் எடுத்துவிட்டேன். இப்போது களைக்காத ஒரு இயந்திரத்துக்குக் களைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

திரையில் எத்தனை பொருட்கள் இருக்கின்றன என்று பார்த்து, கூடக்கூட மெதுவாகும்படி எழுதினேன். இரண்டாவது பிரதியும் திரும்பி வந்தது. 'மற்றவை சரி. நான்காம் கட்டத்தில் மூச்சு விட முடியவில்லை' என்றார்கள்.

அந்த வாரங்கள் எனக்கு ஒன்றோடு ஒன்று கலந்துதான் ஞாபகம் இருக்கின்றன. கிரான்பர்ன் ரயிலில் நின்றபடி தூங்கக் கற்றுக்கொண்டேன். அக்கா முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவள். என் பெரியம்மாவின் மகள். அவள் வீட்டுக்கு வரும் நேரம் நான் வெளிக்கிடும் நேரம். குசினியில் இருவரும் நின்றபடி தேநீர் குடிப்போம்.

"என்னடி, இன்னும் அந்தப் படகோ?"

"ஓம் அக்கா. நாலாம் கட்டம்."

"நான் எட்டுக் கிழவிகளைத் தூக்கிக் கட்டில்ல வளர்த்திப்போட்டு வாறன். நீ ஒரு படகைத் தள்ளேலாம நிக்கிறாய்."

"உங்கட கிழவிகள் ஜப்பானுக்குப் போய்த் திரும்பி வாறேல்லை."

"போனா நல்லம். கொஞ்ச நாள் எனக்கு லீவு" என்றாள். பிறகு கதிரையில் அமர்ந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கண்ணை மூடினாள். "விசா ஏதும் சொன்னவங்களோ?"

"இல்லை. போட்டு வாறன்."

நான்காம் கட்டத்தைத் திரும்பத் திரும்ப விளையாடினேன். முதலில் கரைகளிலிருந்து பாறைகள் விழும். அதைத் தாண்டினால் ஒரு நீளப் பாலம். படகு அதன் அடியால் போகும். பாலம் முடிந்ததும் பெரிய மீன். பழைய இயந்திரத்தில் நான் மீனைக் கொன்றேன். எங்கள் பிரதியில் மீன் என்னைக் கொன்றது. பாறைகளை எண்ணினேன், மீனின் வேகத்தை அளந்தேன். இரண்டிலும் எல்லாம் ஒன்றுதான். பாலத்தை நான் அளக்கவே இல்லை. அங்கே இரண்டு பறவைகள்தான் இருந்தன. மெதுவாக எந்தக் காரணமும் இல்லை.

ஒரு மதியம் கோயம்புத்தூர்க்காரர் சாப்பாட்டுப் பெட்டியோடு பின்னால் வந்து நின்றார். எலுமிச்சைச் சோற்று மணம் டயர் வாடையைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தது. நான் பழையதில் ஒரு தரம், புதியதில் ஒரு தரம் விளையாடி முடித்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேமைப் பாக்கல. உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"உது எந்த வகையில சேர்த்தி?"

"ஐயோ, உங்க தோளைங்க! பழைய மெஷின்ல அந்தப் பாலத்துக்குக் கீழ போறப்ப ரெண்டு தோளும் இறங்குது. நம்ம வெர்ஷன்ல கடைசி வரைக்கும் காதுகிட்டயே நிக்குது."

திரும்ப விளையாடினேன். அவர் சொன்னது சரி. பழைய கேமில் பாலம் வந்ததும் என் பெருவிரல் பட்டனிலிருந்து சற்று எழுந்தது. மூச்சு வெளியே போனது. ஆறு கொஞ்சமே கொஞ்சம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

கார்ட்ரிட்ஜின் நிரலில் பாலம் இருக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே சில வரிகள் சும்மா எண்ணிக்கொண்டிருந்தன. பூச்சியத்திலிருந்து ஒரு எண் வரை எண்ணும். எண்ணியதை வைத்து எதுவும் செய்யாது. அந்த வரிகளை நான் விசுவாசமாக எங்கள் நிரலிலும் எழுதியிருந்தேன். ஆனால் நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், பயனற்ற வரிகளைத் தானாகவே நீக்கிவிடும். புதிய மென்பொருட்களின் பெருமையே அதுதான். பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு பாடம் படித்து நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். அதுவும் தன் கடமையைச் செய்து, ஒரு சொல்லும் சொல்லாமல் பாலத்து வரிகளைத் துடைத்துவிட்டிருந்தது.

இரண்டு பறவைகள் மட்டும் வரும் இடத்தில் வேண்டுமென்றே ஏன் இயந்திரத்தைக் காக்க வைத்தார்கள்? பிழையாகவும் இருக்கலாம். பிழை என்றால் எவ்வளவு பிழையாக வைப்பது என்று தெரியவேண்டும். இன்னொரு தரம் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்தது. மேலாளரிடம் சொன்னேன், அவர் ஜப்பானோடு பேச ஏற்பாடு செய்தார்.

கூட்ட அறை மேசையில் நண்டு போல ஒரு ஸ்பீக்கர் போன் இருந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர், அந்த முதல் நான்கு பேரில் மிஞ்சியிருந்தவர்; எங்கள் பிரதிகளைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். மற்றவர் அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லும் பெண். பாலத்து வரிகளைப் பற்றிக் கேட்டேன். மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் அந்த மனிதர் சிரித்தார், பிறகு இருமினார், பிறகு நெடுநேரம் பேசினார். அந்தப் பெண் அதைச் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

"நான்காம் கட்டத்தை நாங்கள் நால்வருமே தாண்டவில்லை என்கிறார். மறுநாள் காலை தொழிற்சாலைக்குக் கொடுக்கவேண்டும். மீனைத் திருத்த நேரம் இல்லை. எங்கள் கைகளுக்கும் அதற்கு மேல் இயலவில்லை. அதனால் மீனுக்கு முன்னால் இயந்திரத்தைக் கொஞ்சம் ஓய்ந்திருக்கச் சொன்னோம் என்கிறார். பிறகு தாண்டினார்களாம்."

"அது எவ்வளவு நேரம் என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவள் கேட்டுச் சொன்னாள். "நீங்கள் தாண்டும் அளவுக்கு வையுங்கள் என்கிறார்."

மேலாளர் என்னைப் பார்த்தார். 'நோ வொர்ரிஸ்' சொல்லவில்லை.

அப்படியொரு அளவை எழுத முடியாது. கார்ட்ரிட்ஜில் இருந்த அளவையே எடுத்து, அந்த மென்பொருள் துடைக்க முடியாத வகையில் பூட்டி வைத்தேன். கோயம்புத்தூர்க்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கல... இறங்கல... ஆமா, இப்ப இறங்குச்சு. அனுப்புங்க." அனுப்பினேன்.

ஏற்றுக்கொண்டார்கள். மேலாளர் அன்று எல்லோருக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட பை வாங்கினார்; இறைச்சி சாப்பிடாத எங்கள் இருவருக்கும் மறக்காமல் கீரை அடைத்தது. நான் என் பங்கைப் பாதியில் வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. அடுத்து மூன்றாவது கேம் இருந்தது.

ஆறு கேம்களும் முடிந்து தட்டு வெளியானது. அந்த வேலை அலுவலகத்தை அடுத்த இலையுதிர்காலம் வரை இழுத்து வந்தது, அதற்கு மேல் இல்லை. மாத முடிவில் மூடுகிறோம் என்று மேலாளர் சொன்ன அதே வாரம், வெள்ளிக்கிழமை மாலை, விசா மின்னஞ்சலில் வந்தது. கோயம்புத்தூர்க்காரருக்கு முந்தைய மாதமே வந்துவிட்டது. அவர் சிட்னியில் வேலை எடுத்திருந்தார். "பஞ்சர் ஒட்டுறது தப்பிச்சோம், மேடம்" என்றார். ஜப்பானில் அந்த ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையை அதற்கு முன்பே கழற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

சனிக்கிழமை காலை அக்கா வேலையால் வந்ததும் சொன்னேன். கட்டிப்பிடித்தாள். "குளிச்சிட்டு வாறன், கோயிலுக்குப் போவம்" என்றாள். குளித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் இருக்கிறேன் என்று சோபாவில் அமர்ந்தாள். அப்போதுதான் நினைவு வந்ததுபோல, "சரி, அந்தப் படகைக் காட்டு பாப்பம். இவ்வளவு நாளும் நான் காணேல்லை" என்றாள்.

தட்டைப் போட்டேன். பாறைகள் வரை நான் ஓட்டி, பாலத்துக்குச் சற்று முன்னால் கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தேன்.

"இதென்னடி, இதில கொஞ்சம் இழுக்கிற மாதிரிக் கிடக்கு. பழுதே?"

"இல்லை அக்கா. அப்பிடித்தான் செய்தது."

"காசு குடுத்து வாங்கினவன் ஏசமாட்டானே?"

"ஏசமாட்டான்."

அவள் தோள்கள் இறங்கின. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தலையும் ஒரு பக்கமாகச் சரிந்தது. பாலத்துக்கு அப்பால் மீன் இருந்தது. கன்ட்ரோலரை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்து, கேமை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் சாய்ந்தேன். கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போனோம்.